பள்ளத்தூர் வீட்டுக்கு வந்தால் போனில் சார்ஜ் நிற்பதில்லை: 5ஜி, 4ஜி, 2ஜி எதில் வைப்பது?

வளவுக்காரன் · ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக மண்டையைக் குடையும் விஷயம் இது.

ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஒரு மாதம் துணைக்கு இருக்கலாம் என்று சென்னையிலிருந்து பள்ளத்தூர் வந்திருக்கிறேன். சென்னையில் காலை ஏழு மணிக்குச் சார்ஜரிலிருந்து எடுத்தால் இரவு பத்துக்கு 35 சதவீதம் மிச்சமிருக்கும். அதே போன், அதே ஆப்கள். இங்கே மாலை நான்குக்கே 15க்கு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் இங்கே போனைத் தொடுவதே குறைவு. நேற்று திரை ஓடியது மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போதே சூடாகிறது.

ஆத்தாவின் போன் இன்னும் மோசம். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் அவர்கள் படுக்கும் அறையில் வைத்தால் மதியத்துக்குள் அணைந்துவிடுகிறது. என் கவலை அதுதான். அடுத்த மாதம் நான் கிளம்பிவிடுவேன். ராத்திரி ஒரு அவசரம் என்றால் அந்தப் போன் உயிரோடு இருக்க வேண்டும்.

செட்டிங்ஸில் விருப்ப நெட்வொர்க் வகை என்ற இடத்தில் 5ஜி ஆட்டோ, 4ஜி ஆட்டோ, 3ஜி ஆட்டோ, 2ஜி மட்டும் என்று நான்கு இருக்கின்றன. எதில் வைத்தால் பேட்டரி நிற்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


செட்டிநாடு ரயிலடி · ஞாயிறு, காலை 10.41

5ஜியை நிறுத்திவிட்டு 4ஜியில் போடுங்கள் அண்ணே. எனக்கு ஒரே நாளில் வித்தியாசம் தெரிந்தது.


புதுவயல் அரிசி · ஞாயிறு, காலை 11.05

பேட்டரிக்கு 2ஜி போல எதுவும் வராது. ஏர்செல் இருந்த காலத்தில் என் பட்டன் போன் நான்கு நாள் நின்றது. ஆலையில் மூட்டைக் கணக்கு, லாரி வாடகை எல்லாம் அதில்தான் பேசி முடிப்பேன். ஆத்தா போனில் பேச்சு மட்டும்தானே? 2ஜியில் போட்டுக் கொடுங்கள்.


கோபுரத்தான் · ஞாயிறு, பகல் 1.30

14 வருடமாக டவர் வேலையில் இருக்கிறேன். திருமயத்திலிருந்து தேவகோட்டை வரை வண்டியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிக்னல் அளந்து திரிந்தவன். 5ஜியா 4ஜியா என்பது இரண்டாவது கேள்வி தம்பி. போன் இருக்கும் இடத்தில் சிக்னல் எவ்வளவு பலமாக, எவ்வளவு நிலையாக வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

போன் டவரோடு பேசும்போது எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதை டவர்தான் முடிவு செய்யும். தடை இல்லாமல் பக்கத்தில் இருந்தால் கிசுகிசுத்தால் போதும். நடுவில் சுவர் இருந்தால் கத்த வேண்டும். 4ஜி போன் வழக்கமாக அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை வெளியே அனுப்பும். அந்த 200ஐ ஆண்டெனாவுக்குக் கொண்டுவர பேட்டரியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு போகும், மீதியெல்லாம் சூடு. உங்கள் சட்டைப் பை சுட்டதற்குக் காரணம் இதுதான். சிக்னல் பலத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 கூடினால் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. நம் பக்கத்துக் காரைச் சுவர்கள் இரண்டைத் தாண்டி ஒரு அறைக்குள் போனால் 20 டெசிபல் இழப்பது சாதாரணம்.

சும்மா கிடக்கும் போனும் முழுக்கத் தூங்குவதில்லை. 4ஜியில் பெரும்பாலும் 1.28 வினாடிக்கு ஒரு தரம் விழித்து, தனக்கு ஏதும் அழைப்பு உண்டா என்று காது கொடுத்துவிட்டு மறுபடி தூங்கும். சிக்னல் நன்றாக இருந்தால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சிக்னல் தேய்ந்தால் பக்கத்து டவர்களையும் அளக்க ஆரம்பிக்கும், இதிலிருந்து அதற்குத் தாவும், தாவியதைச் சில சமயம் நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சிக்னல் அறவே போய்விட்டால் தனக்குத் தெரிந்த அலைவரிசை ஒவ்வொன்றாகத் தேடும். காணாமல் போன சாவியைத் தேடுகிறவர் வீட்டின் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுப் பார்ப்பது போல. ஆத்தா போன் மதியத்துக்குள் அணைவது இந்தத் தேடலால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் சுவருக்குள் நன்றாகப் புகும். 1800, 2100 சுமார். 2300 அதைவிடக் குறைவு. 5ஜி நம் நாட்டில் பெரும்பாலும் ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தடித்த சுவரைக் கண்டால் நின்றுவிடும்.

ஒரு வேலை செய்யுங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றி என்ற பகுதியில் சிம் நிலை இருக்கும். அதில் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். இல்லையென்றால் டயல் பேடில் *#*#4636#*#* அடித்துப் பாருங்கள், பெரும்பாலான ஆண்ட்ராய்டில் வரும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். டெசிபல் கணக்கில் வரும் அந்த எண் மைனஸில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 நல்லது, 100 பரவாயில்லை, 115 தாண்டினால் போன் திணறும். வீடு முழுக்க நடந்து எழுதி அனுப்புங்கள். மேலே தெரியும் பாயின்ட்களை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனி போனும் ஒவ்வொரு கணக்கில் அதைக் காட்டும்.


வளவுக்காரன் · ஞாயிறு, மாலை 6.15

ஐயா, ரொம்ப நன்றி. நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். 4ஜியில் வைத்து அளந்தது.

முகப்புத் திண்ணையில் மைனஸ் 83. பட்டகசாலையில், அதாவது முன்கூடத்தில், நிலைவாசல் பக்கம் 94, உள்சுவர் ஓரம் 101. வளவில், அதாவது உள்முற்றத்தில், வானம் தெரியும் நடு இடத்தில் 90, ஆனால் நான்கு அடி தள்ளி, தூணுக்குப் பின்னால் பத்தி ஓரத்தில் 99. வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் கதவைத் திறந்து வைத்தால் 108, சாத்தினால் 112. இரண்டாம் கட்டில் ஆத்தா அறையில் 118க்கும் 121க்கும் நடுவில் ஆடுகிறது. அதற்கு அடுத்த சாமான் அறைக்கு மேல்தட்டில் பூவேலை போட்ட உலோகத் தகடு அடித்திருக்கிறார்கள். அங்கே எண்ணே இல்லை, சேவை இல்லை என்று வந்துவிட்டது.

சுவரை டேப் வைத்து அளந்தேன். ஒன்றே முக்கால் அடி. ஆத்தா அறைக்கும் தெருவுக்கும் நடுவில் இப்படி நான்கு சுவர்.

5ஜியில் வைத்தும் நடந்தேன். முகப்பில் நன்றாக வருகிறது. பட்டகசாலையைத் தாண்டியதும் 5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி என்று எழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது சரியாக அந்த இடத்தில்தான்.


கோபுரத்தான் · ஞாயிறு, இரவு 8.02

இதைத்தான் எதிர்பார்த்தேன். முகப்பில் 83, ஆத்தா அறையில் 120 என்றால் வித்தியாசம் 37 டெசிபல். ஐயாயிரம் மடங்கு. போனால் ஐயாயிரம் மடங்கு கத்த முடியாது. முடிந்த மட்டும் கத்திவிட்டு, அதற்கு மேல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சொன்னதையே திரும்பத் திரும்ப அனுப்பும். திண்ணையில் ஒரு வினாடியில் போகும் போட்டோ அந்த அறையிலிருந்து ஒரு நிமிடம் போகும். அந்த நிமிடம் முழுக்க ரேடியோ உச்சத்தில் இருக்கும்.

நீங்கள் உட்காரும் இடம் 5ஜியின் எல்லை. 5ஜியில் இரண்டு வகை உண்டு. 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது ஜியோ தனித்து நிற்கும் 5ஜியாகக் கொண்டுவந்தது. ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் வகையில் தொடங்கியது. இரண்டாவது வகையில் டேட்டா ஓடும்போது 4ஜி ரேடியோவும் 5ஜி ரேடியோவும் சேர்ந்தே விழித்திருக்கும். நல்ல சிக்னலில் பெரிய கோப்பைச் சட்டென்று இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டால் 5ஜி நஷ்டமே இல்லை. எல்லையில் நின்று சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தால்தான் பேட்டரி கரையும். மேலே 5ஜி என்று எழுத்து தெரிந்தாலே 5ஜி ஓடுகிறது என்றும் எண்ண வேண்டாம். இரண்டாவது வகையில், இந்த டவரில் 5ஜி கிடைக்கும் என்பதற்கே பல போன்கள் அதைக் காட்டிவிடும்.

அதனால் ரயிலடி தம்பி சொன்னது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். முகப்பிலேயே இருக்கிறவருக்குப் பொருந்தாது.


செக்காலை சர்வீஸ் · ஞாயிறு, இரவு 9.10

காரைக்குடியில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்ற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரண்டாவது சிம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றுதான்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார்கள். இரண்டே மாதத்தில் புது பேட்டரியும் நிற்கவில்லை என்று வருத்தம். பார்த்தால் இரண்டாவது தட்டில், மகன் மலேசியாவிலிருந்து வந்தபோது போட்டுவிட்டுப் போன வெளிநாட்டு சிம் அப்படியே இருக்கிறது. அது இங்கே பிடிக்க ஒரு நெட்வொர்க் கிடைக்காமல் ராத்திரி பகலாகத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றிக் கையில் கொடுத்தேன், வேறு எதையும் தொடவில்லை. அடுத்த வாரம் நன்றாக நிற்கிறது என்று போன் செய்து சொன்னார்கள்.

ரீசார்ஜ் முடிந்த சிம், ஊரில் டவர் இல்லாத சிம், எதுவானாலும் செட்டிங்ஸில் அந்த சிம்மை ஆஃப் செய்யுங்கள். கழற்றக்கூட வேண்டாம். பேட்டரி செலவுப் பட்டியலில் மொபைல் நெட்வொர்க் என்ற வரி மேலே ஏறி நின்றால் ஆப்களைச் சந்தேகப்படாமல் சிக்னலையும் சிம்மையும் பாருங்கள்.


கண்டனூர் மருமகள் · ஞாயிறு, இரவு 9.48

நான் செய்த தவறை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரும் செய்யக்கூடாது என்பதற்காக.

என் மாமியார் தனியாக இருக்கிறார்கள். நாங்கள் கோயம்புத்தூரில். போன வருடம் அவர்கள் போனுக்கும் இதே சிக்கல். இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு அந்த 4636 பக்கத்தில் போய் 4ஜி மட்டும் என்று மாற்றிவிட்டேன். பேட்டரி நன்றாகவே நின்றது. ஆனால் இரண்டு நாளாக நாங்கள் அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. பக்கத்து வீட்டு ஆச்சியை அனுப்பிப் பார்த்தால் அத்தை நன்றாக இருக்கிறார்கள், போனும் ஓடுகிறது, வாட்ஸ்அப் கூடப் போகிறது. அழைப்பு மட்டும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று இன்று வரை முழுசாகப் புரியவில்லை. கோபுரத்தான் ஐயா சொல்ல வேண்டும்.


கோபுரத்தான் · திங்கள், காலை 7.25

முக்கியமான விஷயம் சொன்னீர்கள் அம்மா. 4ஜி பிறந்ததே டேட்டாவுக்காக. அதில் பேச்சுக்குத் தனி வழி கிடையாது. 4ஜி வழியாகவே பேச வேண்டுமானால் வோல்ட்டி (VoLTE) என்ற வசதி வேண்டும். போன், சிம், நெட்வொர்க் மூன்றும் அதற்கு ஒத்துவர வேண்டும், செட்டிங்ஸிலும் அது ஆனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்பு வரும்போது நெட்வொர்க் போனை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கச் சொல்லும். இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறும். நீங்கள் 4ஜி மட்டும் என்று பூட்டியதால் அத்தை போனுக்கு இறங்க வழியில்லாமல் போயிருக்கிறது. ஜியோவில் நிலைமை வேறு. 2016 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்தே 2ஜியும் 3ஜியும் கிடையாது, எல்லாப் பேச்சும் வோல்ட்டிதான்.

அதனால் பெரியவர்கள் போனில் ‘மட்டும்’ என்று முடியும் எதையும் தொடாதீர்கள். 4ஜி ஆட்டோ போதும். மாற்றிய பிறகு பக்கத்தில் நின்று ஒரு தரம் அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.


புதுவயல் அரிசி · திங்கள், காலை 8.40

இதற்குத்தான் சொன்னேன், 2ஜியில் இருந்திருந்தால் அந்த அழைப்பு வந்திருக்கும். பேட்டரியும் நின்றிருக்கும்.


கோபுரத்தான் · திங்கள், காலை 9.15

அழைப்பு வந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன் அண்ணே, அந்த சிம்முக்கு 2ஜி இருந்தால். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி சுவருக்குள்ளும் நன்றாகப் போகும். சும்மா கிடக்கும் போனுக்குச் செலவும் குறைவு. பட்டன் போனில் பேச்சுக்கு மட்டும் என்றால் நானும் 2ஜிதான் சொல்வேன்.

ஆனால் உங்கள் பழைய போன் நான்கு நாள் நின்றதற்கு 2ஜி மட்டும் காரணமில்லை. சின்னத் திரை, பின்னால் ஓட ஒரு ஆப் கிடையாது. இன்றைய போனை 2ஜியில் பூட்டினால் வாட்ஸ்அப், மெயில், போட்டோ சேமிப்பு எல்லாம் அந்த மெல்லிய வழியில் முண்டும். 4ஜியில் இரண்டு வினாடியில் முடியும் வேலைக்கு 2ஜியில் பல நிமிடம் ரேடியோ விழித்திருக்க வேண்டும். பாதுகாப்பும் குறைவு. 2ஜியில் டவர் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. போலி டவர் வைத்து மோசடிக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களுக்கு அதுதான் வழி. அதனால்தான் ஆண்ட்ராய்டு 12லிருந்து 2ஜியை நிறுத்தும் வசதியே வந்தது.


மின்வேதி · திங்கள், பகல் 12.50

நான் சிக்ரியில், அதாவது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், படித்தவன். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953இல் திறந்த நிறுவனம், மின்கல ஆராய்ச்சிக்கு நாடறிந்த இடம். அங்கே கற்றதில் இந்தப் பேச்சுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

2ஜியில் போன் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. நேரத்தை எட்டுத் துண்டாக்கி ஒரு துண்டில் மட்டும் அனுப்பும், வினாடிக்குச் சுமார் 217 தரம். அந்தச் சின்னத் துண்டில் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை போகும். முன்பெல்லாம் ரேடியோ பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே டிட்டிடி டிட்டிடி என்று இரையுமே, நினைவிருக்கிறதா? அந்தத் துடிப்புதான் அது. ஒவ்வொரு துடிப்புக்கும் பேட்டரி சட்டென்று பெரிய மின்னோட்டம் தர வேண்டும். புது பேட்டரி தந்துவிடும். மூன்று நான்கு வருடம் ஆனதற்கு உள்தடை கூடியிருக்கும், துடிப்பு வரும்போது மின்னழுத்தம் விழும். 15 சதவீதம் காட்டும் போன் பேசத் தொடங்கியதும் பொட்டென்று அணைவது இப்படித்தான். சிக்னல் மோசமாக இருந்தால் துடிப்பு இன்னும் பெரிதாக இருக்கும், அணைவதும் சீக்கிரம் நடக்கும்.

வளவுக்காரன், ஆத்தா போனுக்கு எத்தனை வயது? ஒரு நாளில் சார்ஜ் தீர்வது வேறு, பேட்டரியே கிழடாவது வேறு. இரண்டும் சேர்ந்திருக்கலாம். சிக்னல் இல்லாத அறையில் சூடாகிக்கொண்டே இருக்கும் போனை நம் சித்திரை வெயிலில் சார்ஜிலும் போட்டால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும்.


வளவுக்காரன் · திங்கள், இரவு 7.30

ஐந்து வருடம் ஆகிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. ஆத்தா அடிக்கடி சொல்வார்கள், “பேச ஆரம்பிச்சாத்தான்டா அது கண்ணை மூடுது” என்று. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நாளைக்கே காரைக்குடி போய் பேட்டரி மாற்றிவிடுகிறேன்.


செட்டிநாடு ரயிலடி · திங்கள், இரவு 8.05

வீட்டில் வைஃபை இருக்கிறதா அண்ணே? இருந்தால் வைஃபை காலிங் போடுங்கள். 4ஜி சிக்னல் துளியும் இல்லாத அறையிலும் சாதாரண எண்ணுக்கே அழைப்பு வரும். வைஃபை பெட்டி பக்கத்தில் இருந்தால் ரேடியோவுக்கு அவ்வளவு உழைப்பும் இல்லை.


வளவுக்காரன் · பதினொரு நாள் கழித்து, வெள்ளி, இரவு 10.20

செய்ததையும் நடந்ததையும் எழுதுகிறேன்.

என் போனில் 5ஜியை நிறுத்தி 4ஜி ஆட்டோவில் வைத்தேன். முதல் நாள் இரவு பத்துக்கு 24 சதவீதம். மாலை நான்குக்கே 15க்கு வந்ததற்கு இது நல்ல முன்னேற்றம். அடுத்து, அலுவலகம் கொடுத்த இரண்டாவது சிம்முக்கு இங்கே டவர் சரியில்லை, அதை ஆஃப் செய்தேன். 33. பிறகு மேசையை உள்சுவர் ஓரத்திலிருந்து எடுத்து நிலைவாசல் பக்கம் போட்டேன். ஏழு டெசிபல் லாபம், ஐந்து மடங்கு. 41க்கு வந்தது. லாபத்தில் ஒரு பகுதி மேசையை நகர்த்தியதிலும் ஒரு சிம்மை அணைத்ததிலும் கிடைத்திருக்கிறது. நான் பத்து நாளாக செட்டிங்ஸையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

வைஃபை பெட்டி முகப்பில் இருந்தது. அங்கே இருந்தால் அதற்கும் அதே நான்கு சுவர்தானே. கேபிளை நீட்டி, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் வாசலுக்கு மேல் மாட்டினேன். ஆத்தா அறைக் கதவு அதற்கு நேர் எதிரே. ஆத்தா போனில் புது பேட்டரி, 4ஜி ஆட்டோ, வோல்ட்டி ஆன், வைஃபை காலிங் ஆன். இப்போது இரவு ஒன்பதுக்கு 60க்குக் கீழே இறங்குவதில்லை.


கண்டனூர் மருமகள் · வெள்ளி, இரவு 10.45

படிக்கவே மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடுமே, அப்போது ஆத்தா அறையில் என்ன செய்வீர்கள்?


வளவுக்காரன் · சனி, காலை 8.10

நீங்கள் கேட்டது ராத்திரி முழுக்க உறுத்தியது அக்கா. வைஃபை பெட்டிக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், 12 வோல்ட். காலையில் முதல் வேலையாக அதை ஆர்டர் செய்துவிட்டேன். அது வரும் வரைக்கும் என்ன என்று சோதித்தும் பார்த்தேன். ஆத்தாவிடம் சொல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெருவுக்கு வந்து அழைத்தேன். முதல் தடவை போகவில்லை. அரை நிமிடம் விட்டு மறுபடி அழைத்தேன், போன் நெட்வொர்க்குக்குத் திரும்பியிருந்தது போல, மணி அடித்தது. குரல் விட்டுவிட்டு வந்தது. வளவுப் பக்கத்து ஜன்னல் மாடத்தில் போனை வைக்கச் சொல்லி மறுபடி அழைத்தேன். அங்கே 109. தெளிவாகக் கேட்டது. இனி ராத்திரி போனுக்கு இடம் அந்த மாடம்தான். கட்டிலிலிருந்து கை எட்டும் தூரம்.

“தெருவில நின்னுக்கிட்டு எதுக்குடா கூப்பிடுற, காபி ஆறுது, உள்ள வா” என்றார்கள்.